பிஸ்கட் டின்னில் ஒரு பட்டணம்



எனக்குப் பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவருக்கும் பதினைந்து நிமிடம்தான். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அந்த அரைமணி நேரத்தை என் கணக்கில் கழிக்கப் பார்க்கிறார் செயலாளர். நியாயமா? நீங்களே சொல்லுங்கள். ஆங், அந்தக் கைதட்டல் போதும். செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

தலைப்பு, 'பினாங்குத் தமிழர் வரலாற்றைக் காப்போம்'. நல்ல தலைப்பு. வரலாற்றைக் காப்பது இருக்கட்டும், முதலில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன். கோட்டை கார்ன்வாலிஸில் இருக்கிறதா? பினாங்கு மியூசியத்தில் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. மீதி எங்கே? சொல்கிறேன். மூன்றாவது வரிசையில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். போனால் என் பேச்சே போச்சு.

அந்தக் காலத்தில் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர் அவர். தோங்காங் படகிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை கிடங்குக்குப் போனது என்று கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணிய கை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கப்பல் டிக்கெட், கோயில் ரசீது, கந்தூரி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தேர்தல் துண்டறிக்கை, ஸ்டூடியோ முத்திரை குத்திய பழைய படம், எது கிடைத்தாலும் பின்பக்கத்தில் தேதி எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் வெள்ளையடிக்கும்போது அந்த வீட்டு மருமகள் கேட்பாராம், 'மாமா, இந்தக் குப்பையை இந்த வருஷமாவது தூக்கிப் போடலாமா?' ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த டின்களுக்கு உயிர்ப்பிச்சை! இந்தச் சபையில் எத்தனை மருமகள்கள் இருக்கிறீர்கள்? கையைத் தூக்காதீர்கள், பயமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1786 ஆகஸ்ட் மாதம் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். எட்டு வருஷம் கழித்து, 1794-இல், அதே லைட் கல்கத்தாவுக்கு எழுதுகிறார்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஆயிரம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கூலி வேலை செய்கிறார்கள், வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூறு, இரண்டாயிரம் பேர் கப்பலில் வந்து சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று. லைட் வருவதற்கு வெகு காலம் முன்பே கெடாவில் நம் ஆள் கடை போட்டிருந்தான் என்பதையும் அந்த மனுஷன் மறைக்கவில்லை. கைதட்டல் நமக்கில்லை ஐயா, உண்மையை எழுதிய அந்த வெள்ளைக்காரனுக்கு!

ஆனால் ஆயிரம் பேர் என்றாரே, எந்த ஆயிரம் பேர்? நாகூரிலிருந்து எத்தனை பேர், பரங்கிப்பேட்டையிலிருந்து எத்தனை பேர்? யார் வீட்டுப் பிள்ளைகள்? கடிதத்தில் தலைக்கணக்கு இருக்கிறது, ஆள் இல்லை. அந்த ஆயிரத்தில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். காதர் மொஹிதீன் தெரியும், ஏன்? பள்ளிவாசல் கட்டினார். 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் கொடுத்தது, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழும்பியது. அதே 1801-இல்தான் குவீன் தெருவில் மாரியம்மனுக்கு நிலம், பெட்டி லிங்கம் செட்டி பேருக்கு. ஒரே வருஷம்! பள்ளிவாசலுக்கும் நிலம், கோயிலுக்கும் நிலம், கூப்பிடு தூரம். பாங்கு சத்தமும் மணியோசையும் ஒரே காற்றில் போன தெருக்கள் இவை. இன்றைக்குச் சிலர் வந்து, இது உன் வரலாறு, இது என் வரலாறு என்று நடுவில் வேலி போடப் பார்க்கிறார்கள். பினாங்குத் தமிழன் வரலாற்றில் முஸ்லிமை எடுத்துவிட்டால் பாதி போச்சு, இந்துவை எடுத்துவிட்டால் மீதி போச்சு. வேலிதான் மிஞ்சும்.

வேலி போடுகிறவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. எல்லாரும் சிரிக்கிறீர்கள், யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நான் யாரையும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு சங்கம், பெயர் வேண்டாம், 'வரலாற்றுச் சிறப்பு மலர்' என்று வழவழ தாளில் ஒன்று வெளியிட்டது. ஆசையாக வாங்கிப் போனேன். முதல் பக்கம் தலைவர் வாழ்த்து. அடுத்த பக்கம் துணைத் தலைவர் வாழ்த்து. அப்புறம் பொருளாளர், உதவிப் பொருளாளர், தலைவரின் மாமனார்! வரலாறு எங்கேடா என்று புரட்டிக்கொண்டே போகிறேன். கடைசிப் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே நாலு வரி. அந்த நாலு வரியிலும் லைட் 1876-இல் வந்தாராம்! தொண்ணூறு வருஷம் அந்த மனுஷனைக் கடலிலேயே மிதக்க விட்டுவிட்டார்கள்!

சிரிங்க, நல்லா சிரிங்க. நானும் சிரித்தேன். ஆனால் அதே வாரம் நம் பெரியவரிடம் போய் ஒரு தகவல் கேட்டேன். எழுந்து போனார், ஒரு டின்னைத் திறந்தார், நான் தேடிய தாளை எடுத்து நீட்டினார். வாழ்த்துச் செய்தி இல்லை, பொன்னாடை இல்லை, மலரில் படம் இல்லை.

காரைக்குடிப் பக்கம் கோட்டையூர் தெரியுமல்லவா? இங்கே தண்ணீர்மலைக் கோயிலைக் கட்டிய நகரத்தாரின் சீமை. அந்தக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். தொழில் என்ன தெரியுமா? விளம்பரப் பலகை எழுதுவது. சம்பாதித்த காசையெல்லாம் பழைய புத்தகத்தில் கொட்டினார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். 1992-இல் அவர் கண்ணை மூடியபோது வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரன் வந்து வாங்கினான். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் நூலகமாக்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் எவன் தமிழை ஆராய்ச்சி செய்தாலும் ரோஜா முத்தையா நூலகத்துப் படியேறித்தான் ஆக வேண்டும். விளம்பரப் பலகை எழுதியவர் ஐயா! இங்கே சரக்குக் கணக்கு எழுதியவர். இரண்டு பேரும் எழுத்து வேலைக்காரர்கள்தான். கோட்டையூர்க்காரரைச் சிகாகோ கண்டுபிடித்தது. நம்மவரைக் கண்டுபிடிக்க எந்த ஊர்க்காரன் வர வேண்டும்?

கோபத்தில் சத்தம் கூடிவிட்டது. தண்ணீர் கொடுங்கள். நன்றி தம்பி.

இந்த ஊரில் யாருமே எதையும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். 1986-இலிருந்து பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லாரும் கூடி, இடிக்க வந்த கட்டடத்துக்கு முன்னால் நின்ற கூட்டம் அது. 2001-இல் 'பினாங்கின் கதை' என்று தொடங்கி, ஒவ்வொரு சமூகத்தையும் கூப்பிட்டு, உன் கதையை நீயே சொல் என்று மேடை போட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து வந்தவர்தான் கூ சல்மா நசுத்தியோன். கப்பித்தான் பள்ளியைச் சுற்றி வாழ்ந்த சூலியாக்களைப் பற்றி, 1786 முதல் 1957 வரை, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதினார், 2014-இல் வந்தது. நம்மைப் பற்றி அந்த அம்மா எழுதியிருக்கிறார். நம் வீட்டில் எத்தனை பேர் வாங்கினோம்? இப்போது கைதட்டல் குறைகிறதே!

2008 ஜூலை 7, ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. பட்டாசு வெடித்தோம். இன்றைக்கும் அந்தத் தேதி நமக்கு லீவு. ஆனால் அதற்கு எட்டு வருஷம் முன்பே பாதிக் குடும்பம் தெருவை விட்டுப் போயாச்சு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 டிசம்பரோடு முடிந்ததல்லவா? ஐம்பது வெள்ளி, எண்பது வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் ஐந்நூறு கேட்டார்கள், எண்ணூறு கேட்டார்கள். தையற்காரர் போனார், மாவரைக்கிற மில்காரர் போனார், பூக்கட்டுகிற ஆச்சி போனார். சுவர் இருக்கிறது, ஓடு இருக்கிறது, ஐந்தடிப் பாதை இருக்கிறது. யுனெஸ்கோ சான்றிதழும் இருக்கிறது. உள்ளே காப்பி இருபது வெள்ளி! மேசைக்கு மேலே சுவரில் கறுப்பு வெள்ளைப் படம், தலையில் முண்டாசோடு நம் தாத்தா ஒருவர். யார் இவர் என்று அந்தக் கடைப் பையனைக் கேட்டேன். 'டெகரேஷன், அங்கிள்' என்றான்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக்காரன் மாறினான், அது சட்டம். விலை ஏறியது, அது சந்தை. ஆனால் குடும்பம் வெளியேறிய அன்று லாரியில் ஏறாத பெட்டி எங்கே போனது? நகரத்தார் கிட்டங்கிகளில் எத்தனை பேரேடு, எத்தனை ஐந்தொகை! எந்த ஊர்க்காரன் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு வட்டிக்குக் கொடுத்தான் என்று அந்தக் கணக்கைப் பார்த்தால் கித்தா (ரப்பர்) காலத்துக் கதை மொத்தமும் தெரியும். ஒருமுறை கச்சான் கடலை வாங்கினேன். சுருட்டிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்தால் தமிழ் எண்ணில் வரவு செலவு. கச்சானைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டு மீதிக் காகிதம் எங்கே என்று கேட்டேன். 'நேத்தே முடிஞ்சு போச்சு அண்ணே' என்றார்.

எழுத்தும் பதிவும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013-இல் பார்த்தோமே! இங்கிருந்து பாலம் தாண்டி ஒன்றரை மணி நேரம், பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம்! 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்தான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அந்தச் சீமை. அங்கே பதினோராம் எண் சண்டி, ஆயிரம் வருஷத்துப் பழைய கோயில் அடித்தளம், வீட்டு மனை போட வந்தவன் இயந்திரத்தில் தரைமட்டம். கேட்டால் அரசிதழில் ஏறாத நிலம் என்றார்கள். மறுநாள் நாமெல்லாம் கொதித்தோம், கண்டன அறிக்கை விட்டோம். முந்தின நாள் வரை அந்தக் கல்லுக்கு எத்தனை பேர் மனுப் போட்டோம்?

சீட்டு வந்திருக்கிறது. 'நேரம் முடிந்தது' என்று போட்டிருக்கிறார் தலைவர். ஒரே ஒரு செய்தி, முடித்துவிடுகிறேன். கப்பல் செய்தி. வேண்டாமா? வேண்டுமா? தலைவரே, மக்கள் தீர்ப்பு!

1929 டிசம்பர். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல் நம் துறைமுகத்துக்கு வருகிறது. கப்பலில் பெரியார், கூடவே நாகம்மையார். கரையில் மாலையோடு கூட்டம். அவரை இந்த நாட்டில் இறங்கவே விடக்கூடாது என்று அரசாங்கத்துக்கு மனு எழுதியவர்களும் நம் ஆட்கள்தான்! அந்த வரவேற்பு நோட்டீஸ் ஒன்று எங்கேயாவது இருக்கிறதா? எதிர்ப்பு நோட்டீஸ் இருக்கிறதா? எனக்கு இரண்டும் வேண்டும். பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைக் கொளுத்தினால் அது வரலாறு இல்லை, விழா மலர்.

அதற்குப் பிறகு யுத்தம். ஜப்பான்காரன் காலத்தில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் இந்திய விடுதலைக்காக இளைஞர்கள் ரகசியப் பயிற்சி எடுத்தார்கள். 1942-இல் அவர்களில் சிலரை நீர்மூழ்கியில் ஏற்றி இந்தியக் கரையில் இறக்கிவிட்டான் ஜப்பான்காரன். பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10, சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதரும் அவரோடு இன்னும் மூவரும் தூக்கில் தொங்கினார்கள். அந்த நாலு பேர் பெயரும் புத்தகத்தில் ஏறிவிட்டது, ஏற வேண்டியதுதான். இந்த ஊரில் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவர் யார்? துணி வெளுத்தவர் யார்? அந்த வீட்டுப் பேரன் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், அவனுக்கே தெரியாது.

மறுபடியும் கப்பலுக்கு வருகிறேன். ஊரிலிருந்து நம் ஆட்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பல் 1926-இல் வந்தது, ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்றலாம் என்று லைசன்ஸ் வாங்கிய கப்பல். எழுபதுகளின் தொடக்கம் வரை போய்ப் போய் வந்தது. அப்புறம் சிதம்பரம் கப்பல், 1985-இல் தீப்பிடித்து அதுவும் போச்சு. இங்கே நரைத்த தலைகளில் பாதி ரஜூலாவிலிருந்து இறங்கிய தலைகள். எனக்கு வேண்டியது உங்கள் காசு இல்லை. நன்கொடை என்றதும் நீங்கள் பையைத் தடவுவது தெரிகிறது, கையை எடுங்கள். அந்தப் பயணச் சீட்டு, அந்தத் தகரப் பெட்டிமேல் எழுதிய விலாசம், ஊரிலிருந்து வந்த முதல் கடுதாசி, அதுதான் வேண்டும். எடுத்துக்கொள்ள மாட்டோம். படம் பிடித்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

பின்வாசல் பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் ஸ்கேன் மிஷின், நம் தம்பிகள் இருக்கிறார்கள். இன்னொன்றில் ஒலிப்பதிவுக் கருவி. தாள் இல்லாதவர்கள் உட்கார்ந்து பேசுங்கள், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தெரு, யார் முதலில் வேலை வாங்கிக் கொடுத்தார், எல்லாம். சிங்கப்பூர்க்காரன் 1979-இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டான், நாம் இன்றைக்குத் தொடங்குகிறோம். முதல் மேசையில் வரிசை எண் ஒன்று, காற்றாடிக்குக் கீழே இருக்கிற பெரியவருக்கு. இரண்டு டின் கையோடு கொண்டுவந்திருக்கிறார், மடியில் வைத்திருக்கிறார் பாருங்கள். ஐயா, எழுந்து போய்விடாதீர்கள், பெயரை நான் இன்னும் சொல்லவில்லை! அவர் பேத்திதான் அந்த மிஷினை இயக்கப் போகிறாள்.

பிரியாணி தயார் என்று சைகை வருகிறது. பந்தி அந்த இரண்டு மேசைகளைத் தாண்டித்தான்.