ஒரு தொகுதி, இரண்டு எம்.பி.



திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்கள் 1952-இல் ஆளுக்கு இரண்டு ஓட்டுப் போட்டார்கள். கள்ள ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள், சட்டப்படிதான்! அப்போது திண்டிவனம் இரட்டை உறுப்பினர் மக்களவைத் தொகுதி. ஒரு இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டோருக்கு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம். சீட்டில் எதையும் குத்த வேண்டாம். பிடித்தவர் பெட்டியில் போட்டால் போதும். ஆனால் இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது. ஊரும் சேரியும் சேர்ந்தே இருவரையும் தேர்ந்தெடுத்தன.

இரண்டு இடத்தையும் பிடித்தது காங்கிரஸ் அல்ல, எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வன்னியர்களை அடித்தளமாகக் கொண்ட அந்தக் கட்சி சட்டமன்றத்திலும் 19 இடம் வென்றது. 1954-இல் படையாட்சியார் காமராஜர் அமைச்சரவையிலேயே சேர்ந்துவிட்டார். கட்சி கரைந்தது.

இரட்டைத் தொகுதி ஏன் போனது? ஆந்திராவின் பார்வதிபுரத்தில் 1957-இல் பழங்குடி வேட்பாளர்கள் இருவரே, பொது இடம் உட்பட, இரண்டு இடத்தையும் வென்றார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. உச்ச நீதிமன்றம் வரை போனார், பலிக்கவில்லை. 1961-இல் இந்த முறைக்கே சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. தனித்தொகுதிகள் தனியாகப் பிரிந்தன. நிர்வாகத்துக்கு இது சுலபம்தான். ஆனால் ஒரே வாக்காளருக்கு இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் இருந்த வசதி போய்விட்டது.

திண்டிவனம் மக்களவைத் தொகுதியும் இப்போது இல்லை. 2009 தேர்தல் முதல் திண்டிவனம், விழுப்புரம் தனித்தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று.