இரண்டு சகோதரர்களும் ஒரு கூரையும்

(மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வாசகசாலையில், மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ரவீந்திரநாத் தாகூரின் 'தண்டனை' கதையை வாசித்தோம். முடிந்ததும் மில் தோழர் ஒருவர் எழுந்து, "தம்பி செய்ததில் என்ன தப்பு? கூடப்பிறந்தவனைத் தூக்குக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது, பதில் சொல்லவில்லை. இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்று வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். கதை 1893-ல் வந்தது. வங்காளத்தில் பத்மா நதிப் பிரதேசம். துக்கிராம், சிதாம் என்று அண்ணன் தம்பிகள், கூலிக்காரர்கள். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. ஊர் ஏழைகளெல்லாம் அறுப்புக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இருவரை மட்டும் ஜமீன் சேவகன் இழுத்துக்கொண்டு போகிறான். எதற்கு? ஜமீன் கச்சேரிக் கூரை ஒழுகுகிறதாம், அதை அடைக்க! நாளெல்லாம் மழையில் வேலை. நியாயமான கூலி கிடைக்கவில்லை. வசவு தாராளமாகக் கிடைத்தது. நம் பக்கத்தில் இதற்கு 'வெட்டி' என்று பெயர். பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தியில் வந்து அண்ணன் சோறு கேட்கிறான். அரிசி ஏது என்று மனைவி ராதா சுடச்சுடக் கேட்டுவிடுகிறாள். அரிவாளால் வெட்டிவிடுகிறான். தம்பியோ பழியைத் தன் மனைவி சந்தரா தலையில் போடுகிறான். பெண்டாட்டி போனால் வேறொருத்தி வருவாள், அண்ணன் வருவானா என்பது அவன் கணக்கு.

அந்த அரிவாளைப் பாருங்கள். காலையில் அதை எடுத்துக்கொண்டுதான் இருவரும் வேலைக்குப் போனார்கள். கச்சேரியில் ஏச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டவன், வீட்டில் ஒரு சொல் பொறுக்கவில்லை. கச்சேரிக் கூரை கதையில் கொஞ்சம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கூரையிலிருந்து ஒழுகியதுதான் ராதாவின் ரத்தம். எழுதியவரும் ஜமீன் குடும்பத்துப் பிள்ளைதான். பத்மா கரையில் குடும்பச் சொத்தை மேற்பார்த்த காலத்தில் எழுதினார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அதற்காக வணங்கலாம்.

நம் மாகாணத்தில் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கச்சேரி போயிற்று. ஆனால் பிடித்தம் போகச் சம்பளம் குறைந்து வந்த நாளில், களத்துமேட்டில் கூலி நெல் குறைத்து அளந்த நாளில், அன்றிரவு யார் முதுகில் அடி விழுகிறது? மேஸ்திரி முதுகிலா? ஊருக்குச் சொல்லவில்லை, தோழர்களே. நாமும் கை நீட்டியிருக்கிறோம். சங்கத்துக்கு வந்த பிறகும் நீட்டியிருக்கிறோம்.

கூடப்பிறந்த பாசத்தை நாம் குறை சொல்லவில்லை. அதற்கான விலையை யார் கழுத்திலிருந்து எடுத்தார்கள் என்பதே கேள்வி. தப்பிக்கும்படி ஒரு பொய்யைக் கணவன் சொல்லிக் கொடுக்கிறான். சந்தரா அதைச் சொல்ல மறுக்கிறாள். நான்தான் கொன்றேன் என்று மட்டும் சொல்கிறாள். பிறகு சகோதரர்கள் இருவருமே, குற்றம் தன்னுடையது என்று தனித்தனியே கோர்ட்டில் ஒப்புக்கொள்கிறார்கள். அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார்கள் என்று ஜட்ஜ் நினைத்துவிடுகிறார்!

தூக்குக்கு முன் அவள் தாயைப் பார்க்க விரும்புகிறாள். புருஷன் வந்திருக்கிறான், கூப்பிடவா என்கிறார்கள். ஒரே சொல்லில் அவனை வேண்டாமென்று ஒதுக்கிவிடுகிறாள். அத்தோடு கதை முடிகிறது.

சென்ற கூட்டத்தில் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். தாய்மார்களே, ஏன் சுவரோரம் நிற்கிறீர்கள்? முன்னால் வந்து உட்காருங்கள். இன்று முதலில் நீங்கள் பேசுங்கள்.