நிற்கும் போத்தலா, சாய்ந்த போத்தலா?

(பொன்விழாக் கூட்டத்தில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





வணிகர்களாகிய நாங்கள் கடை திறப்பதைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கடை மூடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பெண்கள் வாக்களித்தே பல மதுக்கடைகளை மூடியிருக்கிறார்கள்.

முறை இதுதான். ஊரின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் கையெழுத்திட்டு மனுக் கொடுக்க வேண்டும். கையெழுத்துகளைச் சரிபார்த்த பின் அதிகாரிகள் இரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். எழுத்தறியாதவரும் வாக்களிக்கலாம், சீட்டில் இரண்டு படங்கள். நிற்கும் போத்தல் என்றால் கடை இருக்கட்டும். சாய்ந்த போத்தல் என்றால் கடையை மூடு. மராத்தியில் ‘உபி பாட்லி, ஆட்வி பாட்லி’ என்பார்கள்.

இனிதான் கணக்கு. பட்டியலில் உள்ள பெண்கள் எல்லாரிலும் பாதிக்கு மேற்பட்டோர் சாய்ந்த போத்தலுக்கு வாக்களிக்க வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது. ஓர் ஊரில் 1,000 பெண் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 600 பேர் வந்து, 480 பேர் கடை வேண்டாம் என்றாலும் கடை மூடாது, 501 வேண்டும். வராத 400 பேரும் கடைக்காரருக்கு வாக்களித்தது போலத்தான்! பிழைப்புக்காக மும்பைக்குப் போனவரும், அன்றைய கூலியை விட மனமில்லாதவரும், கணவனுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தவரும் அந்த 400 பேரில் இருப்பார்கள். அதனால்தான் அப்பெண்கள் வாரக்கணக்கில் வீடு வீடாகப் போய் அழைக்கிறார்கள்.

நமக்கு மது ஹராம். அதில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனால் பல சமயத்தார் வாழும் ஊரில் ஒரு கடையை மூட, அண்டை வீட்டாரின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்கும் வழி இது.

மூடினால் மட்டும் போதுமா? அதே மாநிலத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் 2015இல் அரசு மதுவைத் தடை செய்தது. கள்ளச் சந்தை பெருகிவிட்டது என்று சொல்லி 2021இல் அரசே தடையை நீக்கியது. வணிகர்களுக்கு இது புரியும். வாங்க ஆள் இருக்கும்வரை சரக்கு எப்படியாவது வந்து சேரும். வாக்கெடுத்த நாளில் வேலை முடிவதில்லை, மறுநாள்தான் தொடங்குகிறது. கடைக்குப் போய்க்கொண்டிருந்த சம்பளம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் வருகிறதா என்று பார்ப்பதும், குடியை விட முயல்பவருக்குத் துணை நிற்பதும் ஊரின் பொறுப்பு.

நம் சங்கத்திற்கும் இதில் பாடம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. “நான் எதையும் எதிர்க்கவில்லையே” என்கிறோம். வராமல் இருப்பதும் ஒரு வாக்குதான். அது யார் பக்கம் விழுகிறது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. போதையும் சூதும் நம் பிள்ளைகளை நெருங்கும் காலம் இது. அடுத்த கூட்டத்திற்குத் தாய்மார்களும் வர வேண்டும். வந்து பேசவும் வேண்டும்.

அல்லாஹ் நம் குடும்பங்களைக் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.