நான்காம் வீட்டுக்கு அதிபதி யார்?



இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கடைசி ஆண்டு மாணவர்கள். அடுத்த ஆண்டு இந்நேரம் உங்களில் பாதிப் பேர் வேறு ஊரில் இருப்பீர்கள். சென்னை, பெங்களூரு, துபாய் என்று எங்காவது போயிருப்பீர்கள். புறப்படுவதற்கு முன்பு வீட்டில் யாராவது ஒருவர், "எதுக்கும் ஜோசியர்கிட்ட ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடுவோம்" என்று சொல்வார். அந்த ஒரு எட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சாதகம் பார்க்கப் பிறந்த நேரம் வேண்டும். பிரசன்னம், ஆரூடம் என்று சொல்கிறார்களே, அதற்கு அது தேவையில்லை. நீங்கள் போய்க் கேள்வி கேட்கிற நேரத்துக்கே கட்டம் போட்டுப் பலன் சொல்வார்கள். கேரளத்தில் சோழி வைத்துப் பார்ப்பார்கள், வெற்றிலையை வைத்துத் தாம்பூலப் பிரசன்னம் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் ஜாமக்கோள். கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த முறையில் 1 முதல் 249க்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் என் தலைமுறைக்கு முன்பு யாருக்கும் பிறந்த தேதி கிடையாது. "வெள்ளம் வந்த வருசம், ஆடி மாசம்" என்பதோடு சரி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிப் போட்டதுதான் பிறந்தநாள். ஏடும் எழுத்தாணியும் யாருடைய வீட்டில் இருந்தனவோ அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சாதகம் இருந்தது. பிரசன்னம் நமக்கும் கதவைத் திறந்துவிட்டது. இதை ஏதோ சமத்துவம் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

'வெளியூர் போகலாமா, அங்கே நிலைக்குமா?' என்று கேட்டால், முதலில் லக்னத்தைப் பார்க்கிறார்கள். மேஷம், கடகம், துலாம், மகரம் ஆகியவை சர ராசிகள், பயணம் நடக்கும். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் ஆகியவை ஸ்திர ராசிகள். இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். மீதி நான்கும் உபய ராசிகள், இழுபறி. அடுத்து வீடுகள். மூன்றாம் வீடு குறும்பயணம், ஒன்பதாம் வீடு நெடும்பயணம், பன்னிரண்டாம் வீடு அயல்நாடு, நான்காம் வீடு குடியிருப்பு.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு ராசியில் நான்கு 'நடக்கும்', நான்கு 'நடக்காது', நான்கு 'பார்க்கலாம்'. எந்தக் கேள்விக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. லக்னம் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஊரிலிருந்து துபாய் வேலைக்குக் கேட்கிறவருக்கும், வங்கியில் இடமாற்றம் கேட்கிறவருக்கும், கணவன் அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற பெண்ணுக்கும் ஒரே லக்னம்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் எண் முறை வந்தது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றிலும் 9 உட்பிரிவு, ஆக 243. ராசியின் எல்லையில் இரண்டாக உடைபடுகிற 6ஐச் சேர்த்தால் 249. நீங்கள் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால் அதுவே லக்னம். அதாவது, லக்னத்தைக் கண்டுபிடிக்கக்கூட வானம் தேவையில்லை என்றாகிவிட்டது.

இது வெறும் கணக்குப் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தக் கட்டத்துக்குள் வருணம் இருக்கிறது. குருவும் சுக்கிரனும் பார்ப்பனர், சூரியனும் செவ்வாயும் சத்திரியர் என்று சோதிட நூல்கள் பிரித்து வைத்திருக்கின்றன. சனி சில நூல்களில் சூத்திரர், சில நூல்களில் அதற்கும் கீழே. தூசும் வாயுவுமாகச் சுற்றுகிற கோள்களுக்கே சாதிச் சான்றிதழ் கொடுத்தவர்கள், மனிதர்களை விட்டுவைப்பார்களா?

பயணத்துக்குச் சகுனம் பார்க்கிறார்களே, அதையும் எண்ணிப் பாருங்கள். வாசலை விட்டு இறங்கும்போது எதிரே வரக்கூடாதவர்கள் யார்? கைம்பெண். விறகுக்கட்டு சுமந்து வருகிறவர். எண்ணெய்க்குடம் கொண்டு வருகிறவர். விறகு சுமந்து வருகிற அந்த அம்மாவும் ஒரு பயணத்தில்தான் இருக்கிறார். விடியற்காலையில் எழுந்து, விற்றால்தான் அடுப்பெரியும் என்று நடந்து வருகிறார். ஆனால் அவருடைய பயணத்துக்கு யார் வந்தால் கெட்ட சகுனம் என்று எந்த நூலிலும் எழுதவில்லை. உழைக்கிறவர்களைச் சகுனமாக மட்டுமே பார்க்கிற ஓர் அறிவிடம்தான் நாம் காணிக்கை வைத்துவிட்டு, 'நான் போகலாமா?' என்று கேட்டு நிற்கிறோம்.

இப்போது வேறொரு பயணத்தைச் சொல்கிறேன். 1917ஆம் ஆண்டு. பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர், ஒப்பந்தப்படி வேலையில் சேர பரோடாவுக்கு வருகிறார். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்து தங்குகிறார். பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு பார்சிக் கூட்டம் வந்து அறை வாசலில் நிற்கிறது. அன்று மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டுகிறது. நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்க்கிறார். இரண்டு வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்புகிறார். அவர்தான் நம் அண்ணல் அம்பேத்கர்.

அந்தப் பயணத்துக்கு யாராவது ஆரூடம் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நான்காம் வீட்டு அதிபதி கெட்டிருக்கிறார், பரிகாரம் செய்யுங்கள் என்றிருப்பார்கள். அவரைத் துரத்தியது கோள் எதுவுமில்லை, தடி பிடித்த மனிதர்கள். இன்றைக்கும் நம் நான்காம் வீட்டுக்கு அதிபதி சந்திரனோ சனியோ கிடையாது, வீட்டுக்காரர்தான். நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். "சைவம் மட்டும்" என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்த வீடும் அதைத்தான் கேட்டது, கொஞ்சம் நாசூக்காக. முன்பணத்தோடு போனவனைத் திருப்பி அனுப்பியது எந்தக் கிரகம்?

தோழர்களே, ஆரூடம் கேட்கப் போகிற நம் அம்மாக்களையும் சித்தப்பாக்களையும் நான் கேலி செய்யவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். போகிற ஊரில் மாமா வீடு இருக்கிறவர்கள், அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொந்தக்காரர் இருக்கிறவர்கள், நல்ல நேரம் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போகலாமா வேண்டாமா என்றே கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் நாம். அங்கே யாரையும் தெரியாது. ஏஜெண்டு சொல்வது உண்மையா என்று விசாரிக்க ஆளில்லை. கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்புமா என்று தெரியாது. அந்தப் பயத்துக்கு ஒரு பதில் வேண்டும். அதை விற்கிற இடமாக ஆரூடம் இருக்கிறது. பதிலை நாம் கொடுக்காதவரை அந்தக் கடை நடக்கும்.

அப்படியானால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? சிலவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவருக்கு: 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் எடுக்கிற முகவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பு அதில் பெயரைத் தேடுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அங்கே அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவருக்கு: பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிழைப்புக்காகக் குடிபெயர்ந்து போனவர், போன மாநிலத்தின் அரசு வேலையிலும் கல்லூரியிலும் இடஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது, 2018இல் மறுபடியும் உறுதி செய்தது. ஒன்றிய அரசுப் பணிகளுக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஒசூரைத் தாண்டினால் நம்மோடு சாதி வருகிறது, இடஒதுக்கீடு மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு கட்டத்தில் எதிலும் இது இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் நமக்கு உரிமை தருகிறது. சேரியை விட்டு வெளியே குடியேறுவது குற்றமாகப் பார்க்கப்பட்ட நாட்டில் இது சாதாரண வரி இல்லை. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ராகுவிடமும் கேதுவிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்னால் போகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு எழுதி வையுங்கள். எந்தத் தெருவில் சாதி கேட்காமல் வீடு தருகிறார்கள், எந்த நிறுவனம் சொன்ன சம்பளத்தைத் தருகிறது, முதல் மாதம் கையில் எவ்வளவு இருக்க வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம். நம் ஊரிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ இரவு பத்து மணிக்கு அழைத்து, "அக்கா, அங்க வரலாமா?" என்று கேட்டால், போனை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை விசாரித்துச் சொல்லுங்கள். இரண்டு நாள் தங்க இடம் கொடுங்கள்.

ஜெய்பீம்.