நர்ஸ் மாறலாம், கவனிப்பு மாறக்கூடாது



புளி உலுக்க மரமேறித் தவறி விழுந்தவர்கள், சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் வண்டி மோதி அடிபட்டவர்கள், மூளையில் கட்டி வந்தவர்கள் ஆகியோருக்குச் சில சமயம் தலையில் ஆபரேஷன் செய்ய வேண்டி வருகிறது. சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் தொடங்கிவைத்த இந்தச் சிகிச்சை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் சேலம், புதுச்சேரி, சென்னை என்று நோயாளிகள் போகிறார்கள்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும் நமக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. ஆனால் மயக்கம் தெளியும் அந்த நேரத்தில்தான் கண்ணை இமை காப்பதுபோல் காக்க வேண்டும். மயக்க மருந்தின் வேகம் குறையும்வரை நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். இரத்த அழுத்தம் ஏறினால் மூளைக்குள் மறுபடி இரத்தம் கசியலாம். இது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரியும். ஒரு நாள் கழித்தும் வரலாம்.

ஆகவேதான் நர்சம்மா அடிக்கடி வந்து நோயாளியை எழுப்புகிறார். "அசந்து தூங்கறார், எழுப்பாதீங்கம்மா" என்று தடுக்காதீர்கள். களைப்புத் தூக்கமும், மூளை அழுந்துவதால் வரும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து நர்ஸ் மதிப்பெண் போடுகிறார். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்த முறை இது. முழு நினைவுக்கு 15, ஆழ்ந்த மயக்கத்துக்கு 3. இப்போது 12 என்றால் அது நல்லதா கெட்டதா? முன்பு 10 ஆக இருந்தால் தேறுகிறார். 14 ஆக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முந்தைய கணக்கு தெரியாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எனவே நர்சுகள் டூட்டி மாறும்போது இருவரும் படுக்கையருகே நின்று, கண்மணியையும் கைகால் பலத்தையும் சேர்ந்தே பார்த்து ஒப்படைப்பது நல்லது.

நீங்களும் துணைக்கு இருப்பவரை மாற்றுகிறீர்கள். அண்ணன் ஊருக்குப் போவார், மாமா வருவார். அப்போது நீங்களும் ஒப்படையுங்கள்: "காலையிலே என் பேரைச் சொன்னார், வலது கையைத் தூக்கினார்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். மலைவாசியின் பேச்சு வெளியூர் நர்சுக்குக் குழறலாகப் படலாம். "இவர் பேச்சே இப்படித்தான்" என்றோ, "இவர் இப்படிப் பேசமாட்டாரே" என்றோ சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

நர்ஸ் சொல்லும்வரை தண்ணீர்கூட வாயில் விடாதீர்கள். விழுங்கும் சக்தி வராதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தலைப்பக்கம் உயர்த்தியிருந்தால் தாழ்த்தாதீர்கள். இரத்தம் தலையிலிருந்து வடியவே அப்படி வைக்கிறார்கள். குழாய்களை நீங்களாக அசைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தபின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். அவர்தான் இனி உங்கள் ஊரில் அடுத்த டூட்டி நர்ஸ். வலிப்பு மாத்திரையை "சரியாப் போச்சு" என்று நிறுத்தாதீர்கள். புண்ணில் பச்சிலையோ எண்ணெயோ வைக்க வேண்டாம்.

கீழ்க்கண்ட எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்:

• தலைவலி கூடுதல், ஓயாத வாந்தி
• எழுப்பினாலும் சரியாக எழாமை, பேச்சுக் குழறல்
• வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்தல்
• காய்ச்சல், கழுத்து விறைப்பு
• புண்ணிலிருந்து சீழோ, தண்ணீர்போன்ற நீரோ வடிதல்

வெள்ளிமலையிலிருந்து இறங்க மலைப்பாதை இருக்கிறது. "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று இருக்காமல் அப்போதே 108-க்குக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எப்படி இருந்தார், பிறகு எப்படி மாறினார் என்பதை வண்டியில் வருபவரிடம் சொல்லுங்கள். அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.