பாசியை ஒலி அடக்குமா?

2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜொகூர் நீரிணையில் நச்சு நுண்பாசி பெருகியது. சிங்கப்பூர் மீன் பண்ணைகளில் 500 முதல் 600 டன் மீன்கள் மாண்டன. இத்தகைய பாசியின் வளர்ச்சியை ஒலியால் தடுக்க முடியுமா?

சில பாசிகளைத் தடுக்கலாம். ஏரி குளங்களில் படரும் நீலப்பச்சைப் பாசிகள் பலவும் மிக நுண்ணிய காற்றுப் பைகளால் மிதக்கின்றன. 1895இல் ஜெர்மன் அறிஞர் கிளெபான், அந்தப் பாசி நீரைப் புட்டியில் நிரப்பி, தக்கையைச் சுத்தியலால் அடித்தார். அழுத்தத்தில் பைகள் நசுங்கின. பாசி அடியில் அமிழ்ந்தது.

ஒலியும் அழுத்த அலைதான். நம் காதுக்கு எட்டாத மீயொலி, போதிய வலிமையோடு பாய்ந்தால் அதே வேலையைச் செய்யும். அடியில் வெளிச்சம் குறைவு. ஆகவே வளர்ச்சி குன்றும். ஆனாலும் பைகள் மீண்டும் உருவாகும் என்பதால், ஒரு முறை பாய்ச்சினால் போதாது.

2015இல் மீன்களைக் கொன்ற பாசி வேறு இனம். அது சவுக்கு போன்ற இழைகளால் நீந்துவது. அதற்குக் காற்றுப் பையே கிடையாது. பையே இல்லாதபோது ஒலி எதை நசுக்கும்?

ஒலிக்கருவி வாங்க எண்ணும் பண்ணையாளர்கள், அதன் விலையை விசாரிக்குமுன் தங்கள் நீரில் உள்ளது எந்தப் பாசி என்று சோதித்தறிவதே நன்று.