உயிரணுவில் ஆணையின் ஆயுள்

(மைய அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன். உயிரியல் என் துறையன்று. ஆயினும் பல்லாண்டுகள் ஆணைகளோடும் சுற்றறிக்கைகளோடும் பழகியவன் என்ற முறையில், உயிரணு தன் ஆணைகளை எவ்வாறு திரும்பப் பெறுகிறது என்னும் செய்தி என்னைக் கவர்ந்தது. இளநிலை அலுவலராக நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், பற்றாக்குறைக் காலத்தில் பிறப்பித்த கொள்முதல் சுற்றறிக்கை ஒன்றை, பற்றாக்குறை தீர்ந்த பின்னும் எவரும் ரத்துச் செய்யவில்லை. கிடங்கு நிரம்பிற்று, பணம் முடங்கிற்று. ஆணை பிறப்பித்ததில் தவறில்லை. அதற்கு முடிவு நாள் குறிக்காததே தவறு.

மூலக் கோப்பும் நகலும்

நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் மூலக் கோப்பு பெரும்பாலும் உட்கருவிலேயே பாதுகாக்கப்படுகிறது. தேவையான பகுதியின் நகலே வெளியே வருகிறது. அதுவே தூது ஆர்.என்.ஏ. இதன் இருப்பு 1961ஆம் ஆண்டில் சோதனைகளால் நிறுவப்பட்டது. இந்நகலைப் படித்தே ரைபோசோம்கள் புரதங்களை உருவாக்குகின்றன.

கிடங்கின் கையிருப்பு வரத்தை மட்டுமன்றிச் செலவையும் பொறுத்தது என்பதை நாம் அறிவோம். அதுபோலவே, உயிரணுவிலுள்ள நகல்களின் அளவு, அவை எத்தனை எழுதப்படுகின்றன என்பதோடு, எவ்வளவு விரைவில் அழிக்கப்படுகின்றன என்பதையும் பொறுத்தது. ஈ. கோலை பாக்டீரியாவில் பெரும்பாலான நகல்கள் சில நிமிடங்களே நிலைக்கின்றன. மனித உயிரணுவில், பெருக்கத்தைத் தூண்டும் சில மரபணுக்களின் நகல்கள் ஒரு மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைகின்றன. சிவப்பணுவின் குளோபின் நகல்களோ பல மணி நேரம் நிலைத்திருக்கின்றன. முதிரும் சிவப்பணு தன் உட்கருவையே இழந்துவிடுவதால், கையிலுள்ள நகல்களைக் கொண்டே அது பணியை முடிக்க வேண்டும்.

அழிக்கும் முறை

நகலின் முன்முனையில் ஒரு தொப்பியும், பின்முனையில் ஏறத்தாழ 200 அடினின் அலகுகள் கொண்ட வாலும் உள்ளன. இவை இரண்டும் காப்புகள். முதலில் வால் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. பின்னர் தொப்பி அகற்றப்படுகிறது. அதன்பின் ஒரு நொதி முன்முனையிலிருந்து நகலைச் சிதைத்துச் செல்கிறது. எக்சோசோம் என்னும் நொதித் தொகுதி பின்முனையிலிருந்தும் சிதைக்கிறது. எஞ்சும் அலகுகள் மீண்டும் பயன்படுத்தப்படுகின்றன.

எந்த நகலை விரைவில் அழிப்பது என்ற குறிப்பும் பெரும்பாலும் அந்நகலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1986இல் வெளிவந்த ஆய்வொன்றில், குறுகிய ஆயுளுடைய ஒரு நகலின் பிற்பகுதியில் உள்ள, அடினினும் யுராசிலும் மிகுந்த சிறு தொடரை, நீடித்து நிலைக்கும் குளோபின் நகலில் சேர்த்தனர். குளோபின் நகலும் விரைவில் அழியத் தொடங்கிற்று. மார்ச் 31இல் காலாவதியாகும் நிதி ஒதுக்கீட்டைப் போல, ஆணைக்குள்ளேயே அதன் ஆயுளும் குறிக்கப்பட்டிருக்கிறது எனலாம்.

இரும்புக் கணக்கு

இம்முறையின் சிறப்பை இரும்பைக் கொண்டு விளக்கலாம். உயிரணுவுக்குள் இரும்பைக் கொண்டு சேர்ப்பது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்னும் புரதம். இரும்பைச் சேமித்து வைப்பது ஃபெரிட்டின். இரும்பு குறையும்போது, ஒரு காவற்புரதம் ஏற்பியின் நகலில் உள்ள வளையங்களைப் பற்றிக்கொண்டு, அது வெட்டுண்டு அழியாமல் காக்கிறது. அதனால் கொள்முதல் பெருகுகிறது. அதே புரதம் ஃபெரிட்டின் நகலின் முற்பகுதியில் அமர்ந்து, அதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. வரத்தே இல்லாதபோது கிடங்கு கட்டுவானேன்? இரும்பு போதிய அளவு வந்தவுடன் காவல் விலகுகிறது. கொள்முதல் ஆணை அழிகிறது, சேமிப்பு தொடங்குகிறது. ஒரே அலுவலர் இரு கோப்புகளையும் கையாளுவதால் முரண்பாடு எழுவதில்லை.

ஆனால் வந்து சேரும் இரும்பைத்தான் உயிரணு நிர்வகிக்க முடியும்; வராததை அன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். 2015–16இல் இது 53 விழுக்காடாக இருந்தது. இரத்தசோகைக்கு இரும்புக் குறை ஒன்றே காரணமன்று. எனினும் அது முதன்மையான காரணங்களுள் ஒன்று. உணவிலும் மாத்திரை விநியோகத்திலும் நாம் விடும் குறையை எந்த மூலக்கூறும் ஈடுசெய்யாது.

பிழையான ஆணை

உயிரணு பிழையான நகல்களையும் கண்டறிகிறது. நடுவிலேயே முற்றுப்புள்ளி விழுந்த நகல் படிக்கப்படும்போது, அது அரைகுறைப் புரதத்தைத் தரும் என உணரப்பட்டு, விரைவில் அழிக்கப்படுகிறது. பீட்டா தலசீமியாவில் இதன் பயன் தெளிவாகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இத்தகைய பிழையான மரபணுவைப் பெற்றவர் பொதுவாக நலமுடன் வாழ்கிறார். தீய நகல் அழிக்கப்படுவது இதற்கு ஒரு காரணம். முற்றுப்புள்ளி மரபணுவின் இறுதிப் பகுதியில் விழுந்தால் தணிக்கை அதைத் தவறவிடுகிறது. அப்போது ஒரே பிழையான மரபணுவும் நோயைத் தரக்கூடும்.

இருவரிடமிருந்தும் பிழையைப் பெற்றுக் கடும் தலசீமியாவுக்கு உள்ளாகும் குழந்தைக்கு, வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றவேண்டி வருகிறது. ஒவ்வொரு யூனிட் இரத்தமும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பைக் கொண்டுவருகிறது. மிகுதியை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாததால், அது இதயத்திலும் கல்லீரலிலும் படிகிறது. ஆகவே, ஒரு வீட்டில் இரும்பு போதாமையும் மறு வீட்டில் இரும்பு மிகுதியும் துன்பம் தருகின்றன. மரபுப் பிழையைத் தாங்கியவரின் சிவப்பணுக்களும், இரும்புக் குறை உள்ளவரின் சிவப்பணுக்களைப் போலவே சிறுத்திருக்கும். கருவுற்ற மகளிருக்கும் மாணவர்க்கும் சோதனை நடத்தும் அலுவலர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

அழித்தலே மருந்து

இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு குறிப்பிட்ட நகலை மட்டும் அழிக்கலாம் என்று 1998இல் காட்டிய ஃபயர், மெல்லோ ஆகிய இருவருக்கும் 2006இல் நோபெல் பரிசு கிடைத்தது. இம்முறையில் அமைந்த முதல் மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று, இரத்தக் கொழுப்பைக் குறைக்கத் தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இரு முறை மட்டும் போடப்படும் ஊசியும் இவ்வழியில் வந்துள்ளது. இவற்றை எளியோர்க்கும் எட்டும் விலையில் உருவாக்குவது இங்குள்ள மாணவர்கள் முன் நிற்கும் பணியாகும்.

அலுவலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆணை எழுதும்போது அது எந்நிலையில் முடிவுறும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நம் உடலின் ஒவ்வோர் அணுவும் ஒவ்வொரு கணமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.